சரளைச் சரிவு

கொலராடோவில் எங்கள் ஊர் ஓட்டப்பந்தயத்துக்கு ஒரே விதி. கல்லறைத் தோட்டத்து வாசலில் புறப்பட்டு, மலையுச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். ஏறும்போது டெலோரா ருய்பாலை யாரும் நெருங்க முடியாது. ஆனால் உச்சிக்குக் கீழே உள்ள சரளைச் சரிவில் அவள் கால் நடுங்கும். குதிரை லாடம் அடிக்கும் கேரின் ட்வைட் அங்கேதான் அவளைத் தாண்டிப் போவாள். இப்படியே மூன்று வருடம் டெலோரா இரண்டாவதாக வந்தாள்.

"ஏறத் தெரியுது, இறங்கத் தெரியலையே. அடுத்த தடவை ஹெலிகாப்டர் சொல்லி வைக்கட்டுமா?" என்று மதுக்கடையில் கேட்டார்கள்.

அந்த வசந்தத்தில் பனி உருகியதும் டெலோரா நேராகக் கேரினின் கொட்டகைக்குப் போனாள். கேரினின் குதிரைகளுக்குத் தீவனம் இறக்க வந்த நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"எனக்கு இறங்கக் கத்துக்குடு."

கேரின் குதிரையின் குளம்பை விடாமலே கேட்டாள். "அப்புறம் நான் எதை வச்சு ஜெயிக்கிறதுடி?"

"அது உன் பாடு."

கேரின் சிரித்துவிட்டாள். "சரி. பதிலுக்கு நீ எனக்கு ஏறக் கத்துக்குடு."

வாரம் இரண்டு நாள் இருவரும் மலைக்குப் போனார்கள். "காலைப் பாக்காத. கல்லு நகரத்தான் செய்யும், நீயும் அதோட நகரு" என்று கேரின் கத்துவது கீழே பாதை வரை கேட்கும். டெலோரா பலமுறை விழுந்தாள். முழங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன.

ஆகஸ்டில் டெலோரா ஜெயித்தாள். கேரின் இரண்டாவது. அவளும் தன் பழைய நேரத்தைவிட வேகமாகவே வந்திருந்தாள், ஆனாலும் போதவில்லை. கைகுலுக்கிவிட்டு வண்டியேறிப் போனவள், அதன்பிறகு டெலோராவோடு பேசவில்லை. கடையில் எதிர்ப்பட்டால் அடுத்த வரிசைக்குத் திரும்பிக்கொள்வாள்.

டெலோரா தேசிய மலையோட்ட அணிக்குத் தேர்வானாள். இரண்டு வருடம் கழித்து இத்தாலியில் நடந்த உலகப் போட்டியில், மழையில் நனைந்த இறக்கத்தில் இரண்டு பேரைத் தாண்டித் தங்கம் வாங்கினாள். ஊர் திரும்பிய அன்று தீயணைப்பு நிலையத்தில் வரவேற்பு வைத்திருந்தோம். அவள் அங்கே வரவில்லை. தேடிப் போன நான், கேரின் வீட்டு வாசலில் அவள் கையில் பச்சை மிளகாய்க் குழம்புச் சட்டியோடு நிற்பதைப் பார்த்தேன்.

கேரின் கதவைத் திறந்தாள்.

"டிவில பாத்தேன். இறங்கும்போது இடது தோள் இன்னும் விறைப்பா இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி பண்ண வேண்டியதுதான?"

"சொல்ல ஆள் இல்லையே."

கேரின் சட்டியை வாங்கிக்கொண்டு விலகி வழிவிட்டாள். நான் தீயணைப்பு நிலையத்துக்குத் திரும்பி, காத்திருந்தவர்களைச் சாப்பிடச் சொன்னேன்.

டெலோரா அதன்பிறகு ஆறு வருடம் ஓடினாள். தேசியப் பட்டங்கள் நான்கு வாங்கினாள், உலகத் தங்கம் மறுபடி கிடைக்கவில்லை. முழங்கால் போனதும் நிறுத்திக்கொண்டாள். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு கேரின் ஒருமுறைகூட அவளை ஜெயிக்கவில்லை. அதைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"வலிக்காம இருக்குமா? வலிக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த குதிரையின் காலைத் தூக்கினாள்.