இரத்தினம்மாவுக்கு ஒரு வசை

அந்த வருடம் மழைக்காகக் கொம்பு முறித்தோமா, அம்மை நோய்க்காகவா என்பது எனக்கு நிச்சயமில்லை. முப்பத்தேழாம் ஆண்டு என்று எழுதிப் பார்த்தேன், அதிலும் சந்தேகம். என் மனைவி இரத்தினம்மா சரியாகச் சொல்லியிருப்பாள். நான் பிழை விடுவதற்காகவே காத்திருப்பவள் அவள்.

அவளுடைய மார்பில் தொடங்கிய புற்று அப்போது முதுகெலும்புக்குப் போய்விட்டது. வெட்டிப் பயனில்லை, அடுத்த வைகாசியைப் பார்க்கமாட்டாள் என்று டாக்குத்தர் என்னிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். ஊர் அவளிடம் குரல் தாழ்த்திப் பேசத் தொடங்கியது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் செத்தவீட்டுக்கு வந்த மாதிரிக் கதைக்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் முந்தியப் போல. முந்தியும் கதைக்கல்ல, இப்பவும் கதைக்கல்ல."

கொம்புமுறியின்போது கண்ணகி அம்மன் கோயில் முன்றலில் ஊர் இரண்டு சேரியாகப் பிரியும். தகப்பனுடைய சேரிதான் பிள்ளைக்கும். நான் வடசேரி, அவள் தென்சேரி. வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்போம். முறிந்த பக்கம் தோற்றது. இழுக்குமுன் எதிர்ச்சேரியைப் பேர் சொல்லி வசை பாடுவார்கள். கோபிக்கக்கூடாது. எங்கள் பக்கம் பாடுகிற சீனித்தம்பி அவளுக்கு மச்சான் முறை. அவளுடைய மூக்கை அவன் ஒருமுறையும் விட்டுவைத்ததில்லை.

"இந்த முறையும் பாடினானெண்டா நான் இன்னும் உசிரோட இருக்கிற ஆள். அம்மாளிட்ட வேறொண்டும் கேக்கல்ல," என்றாள்.

கொம்புமுறி நாளில் தோணியில் படுக்கவைத்து வாவியைக் கடந்து கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.

சீனித்தம்பி அவளுடைய அண்ணன் கந்தப்போடியின் வழுக்கையைப் பாடினான். தென்சேரிக்காரி அன்னப்பூரணியின் கருகிய பிட்டைப் பாடினான். இருவருக்கும் நடுவில் இருந்தவளைத் தாண்டிப் போனான்.

"மச்சான், என்னை எங்க விட்டிட்டு வந்தீங்க?"

"உனக்குச் சுகமில்லையே மச்சாள்."

"சுகமில்லாட்டி மூக்கு சின்னதாப் போகுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சீனித்தம்பி நிலத்தைப் பார்த்தான். அவள் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அதுவரை ஒரு வசையும் பாடியதில்லை. முன்னால் போய் நின்றேன். எப்படியோ வந்தது:

"இரத்தினம் தூங்கிக் குறட்டை விட்டாலே
ஏறின முதலையும் இறங்கி ஓடுமே."

வடசேரி திகைத்து நின்றது. சீனித்தம்பிதான் முதலில் பிடித்துக்கொண்டான். பிறகு எல்லோரும் பாடினார்கள். அவள் மார்பை அழுத்திக்கொண்டு சிரித்தாள். நொந்திருக்கும்.

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து சேத்துவெச்ச கதையா இது? இருங்க, வாற வருஷம் பதில் பாடுறன்."

திரும்பும்போது அவளைத் தோணியில் படுக்கவைத்துத் துடுப்பு வலித்தேன்.

"வாற வருஷமெண்டு நம்பியா சொன்ன நீ?" என்று கேட்டேன்.

"நம்பித்தான். மிச்சம் அம்மாள்ட வேல. நீங்க தோணிய நேரா விடுங்க."

அன்று முறிந்தது வடசேரிக் கொம்பு. அதன்பின் சீனித்தம்பி அடிக்கடி வீட்டுக்கு வந்து, அவளிடம் பேச்சு வாங்கிக்கொண்டு போனான். படுத்தபடியே எனக்குப் பதில் பாட்டுக் கட்டினாள். மூன்று அடி தேறியது. தை மாதம் இறந்தாள். சீனித்தம்பி இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் காய்ச்சலில் போனான். கந்தப்போடி வயலை விற்று, வாழைச்சேனையில் மகளோடு இருக்கிறார். நான் அதே வீட்டில் இருக்கிறேன்.