மிளகளவு ஓட்டைகள்

நோன்பு தொடங்கி ஒன்பதாம் நாள், மைமூன் செக்கிங் முடித்து அனுப்பிய பனியன்களில் மிளகளவு ஓட்டைகள் இருப்பதாக அயர்ன் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அன்று ஆறு பீஸ். மறுநாள் பதினெட்டு. அதற்கடுத்த நாள் நாற்பது.

மண்ணரையில் இருந்த அந்தக் கம்பெனிக்கு அவள் வந்து ஐந்து மாதம்தான். சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் காதர்மைதீன், தொண்ணூற்று மூன்றில் பஸ் மோதி இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அதன்பிறகு குடும்பத்தை அவள்தான் இழுத்தாள்.

எதிரில் உட்கார்ந்து வேலை செய்தவள் ராமுத்தாய். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். மைமூனுக்குச் செக்கிங் பழக்கியவளே அவள்தான். ஓட்டைகள் வரத் தொடங்கியதிலிருந்து ஏனோ முகம் பார்த்துப் பேசவில்லை.

ஓட்டை வரத் தொடங்கிய நான்காம் நாள் மதியம். துணி அடுக்குக்குப் பின்னால் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பிய மைமூன், ராமுத்தாய் ஒரு டிரிம்மரை, அந்த நூல் வெட்டும் சின்னக் கத்தரியை, தன் சாப்பாட்டுப் பைக்குள் சட்டெனப் போடுவதைப் பார்த்தாள். தன் மேஜைக்கு வந்தால் தன்னுடைய டிரிம்மர் இல்லை. சூப்பர்வைசர் தங்கவேலு நின்றிருந்தார்.

"டிரிம்மர் எங்கீங்க அம்மிணி?"

"வெச்ச எடத்துல இல்லீங்க."

"நல்லா இருக்குதுங்க. தையல்ல இருந்து வர்ற வரைக்கும் பீஸு சுத்தமா இருக்குது. உங்க டேபிளைத் தாண்டுனா ஓட்டை. இப்பக் கத்தரியும் காணோம். நான் என்னன்னு நெனைக்கட்டும்?"

மரியாதை குறையவில்லை. பார்வைதான் மாறியிருந்தது.

"வேற யாரு மேலயாவது சந்தேகம் இருந்தாச் சொல்லுங்க."

மைமூனுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. ராமுத்தாய் தன் தங்கைக்கு இங்கே வேலை கேட்டுக்கொண்டிருந்தாள். இடம் காலியானால்தான் கிடைக்கும். 'அந்தப் பையைப் பாருங்க' என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அவள் கண்டது என்ன? ஒரு கை, ஒரு பை. வெட்டியதை அவள் பார்க்கவில்லை. இவர்களும் தன்னைப்பற்றி இப்படித்தானே நினைக்கிறார்கள்? நோன்பு வாயோடு நிச்சயமில்லாத பழியைச் சொல்வதா? யா அல்லாஹ், என் நாக்கைப் பிடித்துக்கொள்.

"வெட்டுனதை நான் யாரையும் பாக்கலீங்க," என்றாள். "ஒண்ணு செய்யுங்க. இப்ப வந்த துணியில ஒரு ரோலை வெட்டாம பூட்டி வையுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நாலு நாள் கழிச்சு விரிச்சுப் பாருங்க."

தங்கவேலு யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அதுவரை அவளுக்குச் செக்கிங் இல்லை. வேஸ்ட் துணி பொறுக்கும் வேலை.

"அவளைச் சொல்லியிருந்தா உன் செக்கிங் வேலை போயிருக்காதல்லோ?" என்றார் காதர்மைதீன், அன்று மாலை கஞ்சியைக் கையில் வாங்கிக்கொண்டு.

"போயிருக்காது. அவ செய்யாம இருந்தா, நாளைக்கு எந்த மொகத்தோட தொழுவேன்?"

அவர் கஞ்சியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சபூரா இரு, பொறுத்துக்க. அல்லாஹ் பாத்துக்குவான்," என்றார்.

சபூராக இருப்பது லேசாக இல்லை. அவள் பக்கத்தில் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவளும் குனிந்து பொறுக்கியபடியே ராமுத்தாயின் கைகளை ஓரக்கண்ணால் கவனித்தாள். ஒவ்வொரு தொழுகையிலும் அதற்காகவே மன்னிப்புக் கேட்டாள். மறுபடி கவனித்தாள்.

பூட்டி வைத்த ஐந்தாம் நாள் தங்கவேலு பூட்டைத் திறந்து ரோலை விரித்தார். யார் கையும் படாத துணியில் மிளகு மிளகாக ஓட்டை. துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறையில் ஆசிட் தெறித்ததைச் சரியாக அலசாமல் விட்டிருக்கிறார்கள். அது நாள்பட நூலைத் தின்றிருக்கிறது.

"தப்பா நெனச்சுப்புட்டனுங்க அம்மிணி," என்றார் தங்கவேலு, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் போனதும் ராமுத்தாய் பையிலிருந்து டிரிம்மரை எடுத்து நீட்டினாள்.

"ஒங்களோடதுதேங்க்கா. கையில கத்தரி இல்லாட்டி ஒங்களால வெட்ட முடியாது, மாட்டிக்கிற மாட்டீகன்னு எடுத்து வச்சேன்."

"அப்ப நான்தான் வெட்டுனேன்னு நெனச்சயா?"

ராமுத்தாயின் கண் கலங்கியது. "ஆமாக்கா. நெனச்சேன்."

"நானும் உன்னையத்தான் நெனச்சேன் கண்ணு," என்றாள் மைமூன்.

அதன்பிறகு பல நாள் இருவரும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டார்கள். பெருநாளுக்கு அவளைக் கூப்பிடுவதா என்று மைமூன் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கூப்பிட்டாள்.

ராமுத்தாய் தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் தயங்கி நின்றவளைப் பார்த்து, காதர்மைதீன் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்தபடி நான்கு அடி நடந்தார்.

"உள்ள வாம்மா," என்றார்.