மாப்பிள்ளை போட்ட கணக்கு

எங்கள் ஓய்வூதிய நிதி அலுவலகத்தில் கணக்கு கீழிருந்து மேலே போகும். தலைவர் முதலில் விடையைச் சொல்லிவிடுவார். அதற்குத் தோதாகக் கூட்டிக் கழித்துக் கொடுப்பது மற்றவர்கள் வேலை. கூட்டக் குறிப்பு எழுதுகிற எனக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. போன வருஷக் குறிப்பையே தேதி மாற்றி அடித்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது.

பஸ் ஓட்டி, டிக்கெட் கிழித்து, பணிமனையில் கிரீஸில் ஊறி ஓய்வு பெற்றவர்களின் பணம் இது. அதில் பெரும்பகுதியை ஒரு சிப் தயாரிக்கும் கம்பெனியின் பங்குகளில் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கம்பெனிக்கு இப்போது இன்னொரு சிப் கம்பெனியை, சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்து வாங்க ஆசை வந்துவிட்டது. எங்கள் ஓட்டு கனமானது. நாங்கள் தலையாட்டினால் காரியம் முடிந்தது. பிறகு கம்பெனி கவிழ்ந்தால், வயசானவர்களின் மாதப் பணத்தில்தான் துண்டு விழும்.

தலைவருக்குத் தலையாட்டத்தான் இஷ்டம். அந்தக் கம்பெனி விழாவில் அவரை மேடையேற்றி, தொலைநோக்காளர் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். மனிதர் அன்றிலிருந்து தரையில் நடப்பதில்லை.

கணக்குப் போடுகிறவனுக்கு அலுவலகத்தில் மாப்பிள்ளை என்றே பெயர். ஓய்வூதியக்காரர்களின் பிரதிநிதியாக ஐந்து பேர் கொண்ட எங்கள் நிதிக் குழுவில் இருக்கும் பழைய பஸ் டிரைவரின் மகளைக் கட்டியவன். உறவுக்காரர்கள் ஒரே அறையில் இருப்பதால் முறைகேடு நடக்கக் கூடாது என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். எங்கள் நேர்மை அதோடு சரி.

அவன் முதலில் போட்ட கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. போட்ட பணம் திரும்பிவர பதினாலு வருஷம் ஆகும், அதற்குள் விலைக்கு வாங்குகிற கம்பெனியின் மெஷின்களைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போட முடியும் என்று கொஞ்சம் நாகரிகமான பாஷையில் எழுதியிருந்தான். தலைவர் படித்துவிட்டு, ஐந்து வருஷத்துக்குள் கொண்டு வா என்றார். கொண்டு வந்தான். விலைக்கு வருகிற கம்பெனியின் மிகப் பெரிய வாடிக்கையாளர் சென்ற மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளையின் புதுக் கணக்கில் மட்டும் அவர் வருஷா வருஷம் கூடுதலாக வாங்கிக்கொண்டே இருந்தார். இரண்டு கணக்கையும் தட்டச்சு செய்தவள் நான். வெட்கங்கெட்ட பிழைப்பு.

கூட்டத்தில் தலைவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். நிகழ்காலத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. வக்கீலம்மாவும் பழைய வங்கி மேலாளரும் விலை அநியாயம், வேண்டாம் என்றார்கள். தலைவரும், அவருக்கு ஆமாம் சாமி போடுகிற துணைத் தலைவரும் வேண்டும் என்றார்கள். மிச்சம் இருந்தவர் டிரைவர்.

அவர் அறிக்கையைப் புரட்டவில்லை. எதிரே இருந்த மருமகனைப் பார்த்தார்.

"மாப்பிள்ள, இதெல்லாம் எனக்கு ஓடாது. உங்க சொந்தக் காசா இருந்தா இதுல போடுவீங்களா?"

மாப்பிள்ளைக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் பேனாவை மூடி மேஜையில் வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டேன் மாமா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவன் தண்ணீர் குடித்தான். சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் திட்டினேன்.

"போடுவேன் மாமா."

டிரைவர் கையைத் தூக்கினார். தலைவர் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது டிரைவர் மருமகனின் தோளில் கை போட்டுக்கொண்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம ஆளுங்க எல்லாம் பயந்துக்கிட்டே இருந்தாங்க மாப்பிள்ள. நான்தான் சொன்னேன், எம் மாப்பிள்ள உள்ள இருக்காரு, நிம்மதியா தூங்குங்கன்னு."

லிஃப்ட் வந்தது. மாப்பிள்ளை ஏறவில்லை. ஃபைலை மறந்துவிட்டேன், நீங்கள் போங்கள் மாமா என்று சொல்லித் திரும்பி நடந்தான். ஃபைல் அவன் கக்கத்திலேயே இருந்தது.