அவன் எண்ணிய இரண்டு

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க. ஒண்ணு..."

எக்ஸ்ரே அறையில் நெஞ்சைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்த பஸ் டிரைவர் பிடித்தார். வாட்டசாட்டமான ஆள். கன்னம் உப்பியது, காது சிவந்தது, கால் ஒன்று மாற்றி ஒன்று ஆட ஆரம்பித்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பட்டனில் விரலை வைத்திருந்தவள் "ரெண்டு" என்று சொல்லி அமுக்குவதற்குள் மனிதர் வெடித்து இருமிவிட்டார்.

"ஏம்மா, உன் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நான் ஒரு டிரிப்பே அடிச்சுட்டு வந்துடலாம் போல இருக்கே! நெஞ்சுல என்ன இருக்குன்னு பாக்கச் சொன்னா, இருக்கிற உசுரையும் எடுத்துடுவ போல."

படம் மங்கல். அந்த வாரத்தில் நாலாவது மங்கல் படம். முந்தைய மூன்றையும் டாக்டர் திருப்பி அனுப்பி, "பதினோரு வருஷமா இந்த வேலைய பாக்குறீங்க, இப்ப என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள்.

டிரைவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்தாள். வழக்கமாக எண்ணுவதுபோலவே எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. நிறுத்திப் பார்த்தால் ஐந்து விநாடியைத் தாண்டியிருந்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் ஐந்து.

பதினோரு வருஷமாகச் சரியாக எண்ணியவள்தான். இந்த இழுவை எண்ணிக்கை அவளுடையது இல்லை. இது வேறு ஒரு வாயிலிருந்து அவள் வாய்க்கு வந்தது. யாருடைய வாய் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி நகரத்தை மேலே ஏற்றி இறக்குவது தான்தான் என்று சொல்லிக்கொள்வான். வேலை முடிந்ததும் ஜிம். அங்கே அவனுக்குப் பெயரே 'எழுபது'. பெஞ்சில் படுத்து எழுபது கிலோ தூக்குகிறவன் என்பதால் வந்த பட்டம். அவளை ஜிம்முக்குக் கூட்டிப்போனதும் அவன்தான், அதை மறுக்க முடியாது. "வெயிட்டைக் கீழ கொண்டுவந்து நெஞ்சுல தொட்ட உடனே தூக்கினா, அந்தத் துள்ளல்லயே பாதி ஏறிடும். தொட்டு, ரெண்டு எண்ணுற வரைக்கும் அசையாம நிறுத்து. துள்ளல் செத்துடும். அப்புறம் தூக்குறது முழுக்க சதை. அப்பதான் சதை ஏறும்" என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

ஏறியது. நாலே மாதத்தில் ஆஸ்பத்திரி யூனிபாரத்தின் கை பிடித்தது. தையலைப் பிரித்து விட வேண்டியதாயிற்று. தூக்கிய நாற்பது கிலோ ஐம்பதானது. ஐம்பத்தைந்தானது. ஜிம்மில் ஒருத்தன் விளையாட்டாக, "எழுபதண்ணே, பாத்து இருந்துக்குங்க, அண்ணி பின்னாலயே வர்றாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு கிலோகூட ஏறவில்லை. மூன்று மாதம். ஐம்பத்தேழரையை நெஞ்சில் நிறுத்தினால் கை மரத்துப்போகும், கண்ணில் பூச்சி பறக்கும், எடை மாட்டிய பார் மேலே வராது. பெஞ்சில் படுத்தவளுக்குத் தெரிவது மேல் கூரை மட்டும்தான். கடிகாரம் தெரியாது. நேரம் என்பது தலைமாட்டில் நிற்கிறவன் சொல்வதுதான். தலைமாட்டில் நின்றது அவன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பளுதூக்கும் பெண்கள் அணிக்குத் தேர்வு; பெயர் கொடுத்திருந்தாள். அறுபது கிலோவை நெஞ்சில் நிறுத்தித் தூக்கினால் அணியில் இடம். பத்தாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவது வந்ததற்குப் பிறகு அவள் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே விஷயம் அதுதான். நேற்றுச் சாயங்காலம் மறுபடியும் தோற்றுப்போய், "விட்டுடலாமான்னு இருக்குங்க" என்று அழுதாள். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். "விடும்மா. உன் உடம்புக்கு அவ்ளோதான். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது. தேர்வு நடத்துறவங்ககிட்ட நானே பேசிக்கிறேன், நீ சங்கடப்படாத" என்றான். அன்றைக்குப் பாத்திரம்கூட அவனே கழுவினான். கல்யாணமான எட்டு வருஷத்தில் அவன் சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பாவி மனுஷி நெகிழ்ந்துபோனாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. முழங்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்து வைத்திருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓட்டினாள். நாற்பது கிலோ: அவன் "ஒண்ணு, ரெண்டு" என்பதற்கு இரண்டு விநாடி. பிசகே இல்லை. ஐம்பது: நாலு. ஐம்பத்தைந்து: ஐந்தரை. ஐம்பத்தேழரை: "ஒண்ணு" என்றவன் தலையைச் சொறிகிறான், பக்கத்து பெஞ்சைப் பார்க்கிறான், அப்புறம் சாவகாசமாக "ரெண்டு" என்கிறான். ஏழு விநாடி. அவன் தலைக்குக் கீழே அவள் முகம் நீலம் பாரித்துக் கிடக்கிறது.

தெரியாமல் செய்தான் என்று சொல்ல வழியே இல்லை. தெரியாதவனுக்கு நாற்பதில் எப்படிக் கணக்கு சரியாக வரும்?

ஜிம்முக்கு அவள் அவனுக்கு முன்னாலேயே போய்விட்டாள். சுவரில் வட்டக் கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியிருந்தது. பக்கத்து பெஞ்சில், அங்கே வழக்கமாக வரும் தபால்காரக்கா பிடி வழுக்காமலிருக்கக் கைக்கு வெள்ளைப் பொடி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் விசிலடித்துக்கொண்டே வந்தான்.

"இன்னிக்கு நீங்க முதல்ல தூக்குங்க" என்றாள் அவள். "நான் எண்ணுறேன்."

"எனக்கு எதுக்கு எண்ணுறது? நான் பாட்டுக்கு..."

"நிறுத்தித் தூக்கினாத்தான் சதை ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க? எழுபது போடுங்க."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை அவனுக்கு. படுத்தான். எழுபது நெஞ்சுக்கு இறங்கியது. தொட்டதும் வழக்கம்போல் துள்ளலில் மேலே விடப் பார்த்தான்.

"அசையாதீங்க" என்றாள். பதினோரு வருஷம் ஆயிரக்கணக்கான நெஞ்சுகளிடம் சொல்லிப் பழகிய குரல். அவன் தன்னையறியாமல் நின்றுவிட்டான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தே எண்ணினாள். ஒரு நூல்கூட இழுக்கவில்லை. இழுத்திருக்கலாம், அவளுக்கு இருந்த ஆத்திரத்துக்கு நூறு வரை எண்ணியிருக்கலாம். ஆனால் அவனுக்கு அவள் கொடுத்தது நேர்மையான இரண்டு விநாடி.

"ஒண்ணு. ரெண்டு. தூக்குங்க."

பார் ஒரு விரற்கடை எழுந்தது. நின்றது. திரும்ப நெஞ்சிலேயே உட்கார்ந்தது.

"எடும்மா... எடு."

அவளுடைய இரண்டு கையும் பாருக்கு அடியில்தான் இருந்தன. அவள் கொலைகாரி இல்லை. கொஞ்சம் பாரத்தைத் தாங்கிக்கொண்டாள், முழுதாகத் தூக்கவில்லை.

"என் பேரை எடுக்கச் சொல்லிப் பேசிட்டீங்களா?"

"முதல்ல இத எடு!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"காலையிலயே... பேசிட்டேன்... நீதானே விட்டுடலாம்னு..."

"விட்டுடலாமான்னு கேட்டேன். நாற்பதுக்கு ரெண்டு செகண்டு, ஐம்பத்தேழரைக்கு ஏழு செகண்டு. வீடியோ இருக்கு. எதுக்குங்க?"

எட்டு வருஷமாக 'நீங்க' என்று கூப்பிட்ட வாய் இப்போதும் மரியாதை தவறவில்லை. தபால்காரக்காவுக்கு அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது. அவன் நெற்றி நரம்பு புடைத்தது. அந்த எடைக்கு அடியில் பொய்யை ஜோடிக்க அவனுக்கு மூச்சு போதவில்லை.

"நீ... எழுபதுக்கு வந்துடுவ. அப்புறம் என்னை... எவன் மதிப்பான்?"

அவ்வளவுதான். இதற்காகத்தான் மூன்று மாதம். இதற்காகத்தான் அவள் தினமும் சாயங்காலம் தன் உடம்பையே திட்டித் தீர்த்திருக்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று, போதாது போதாது என்று தன் கையையே வெறுத்திருக்கிறாள். நோயாளிகளை மூச்சுத் திணறவிட்டு டாக்டரிடம் தலைகுனிந்திருக்கிறாள். ஒரு மனிதனின் பட்டப்பெயருக்காக.

அவள் பாரை இழுத்து ஸ்டாண்டில் 'ணங்' என்று வைத்தாள்.

அவன் எழுந்து உட்கார்ந்து இருமினான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் சட்டென்று சிரிப்பு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான். "இந்தப் பைத்தியத்தப் பாருங்க. மெதுவா எண்ணினது இவ நல்லதுக்குத்தான். ரொம்ப நேரம் நிறுத்தினாத்தானே சதை நல்லா ஏறும்?"

"அப்படின்னா உங்களுக்கும் ஏத்தியிருக்கலாமே, தம்பி" என்றாள் தபால்காரக்கா.

அவள் எடைத் தட்டுகளைக் கழற்றி அறுபதாக்கினாள். படுத்தாள். அவன் பழக்கதோஷத்தில் தலைமாட்டுக்கு வந்தான்.

"நீங்க தள்ளிப் போங்க. அக்கா, நீங்க எண்ணுங்க. கடிகாரத்தைப் பாத்து எண்ணுங்க."

பார் இறங்கியது. நெஞ்சில் தொட்டு நின்றது. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு நீண்ட காத்திருப்புக்குத் தயாரானாள். கூரையில் இருந்த ஈரக்கறையைப் பார்த்தாள். மூன்று மாதமாகப் பார்த்த கறை; கண்ணை மூடிக்கொண்டு வரையலாம்.

"ஒண்ணு, ரெண்டு. தூக்கு!"

அக்கா ஏமாற்றுகிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கை தானாக நிமிர்ந்துவிட்டது. அறுபது கிலோ மேலே நின்றது, ஆட்டம்கூட இல்லாமல்.

"ரெண்டுங்கிறது இவ்ளோதானா, அக்கா?"

"அவ்ளோதான்டி. எல்லாருக்கும் அவ்ளோதான்."

யாரோ கை தட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வந்தது முழுக்க முழுக்கக் கோபம். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவன் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "பாத்தியா? நான் அப்படி எண்ணினதாலதான் இன்னிக்கு இப்படித் தூக்குற. ஒரு நன்றிகூடச் சொல்ல மாட்டியா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறுக்கு ஐந்து நிமிடம். இன்றைக்கு ஆறு மணியோடு தேர்வுக்கான பெயர்ப் பட்டியலை மூடிவிடுவார்கள். அவனுடைய பையிலிருந்து போனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி பேசுங்க. என் மனைவி பேரைத் திரும்பச் சேருங்க, அவ நிறுத்தி அறுபது தூக்குறா, பொய் சொல்லி எடுத்தது நான்தான்னு சொல்லுங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா. நாலு பேர் முன்னால..."

"நான் ரெண்டு எண்ணுவேன். அதுக்குள்ள பேசினீங்கன்னா வீடுன்னு ஒண்ணு இருக்கும், போய்ப் பேசிக்கலாம்."

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ரெண்டு இல்ல" என்றாள் அவள். "என் ரெண்டு."

பிறகு, "ஒண்ணு" என்றாள்.

அவன் அவசர அவசரமாக நம்பரைத் தேட ஆரம்பித்தான்.