சந்துக்குப் போட்ட மார்க்

அருளானந்தத்தின் டீவி பின்வாசல் வழியாக முத்தாயியின் அறைக்குள் நுழையவும், முன்கதவில் கணக்கெடுக்க வந்த பிரிஜட்டின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது. அவரும் பக்கத்து வீட்டு மருதப்பனும் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வந்த வழியே ஓட்டம் பிடித்தார்கள்.

சிராங்கூன் சாலையின் பெரிய கடைகளுக்குப் பின்னால், வெயில்கூட யோசித்து யோசித்து எட்டிப்பார்க்கும் சந்து அது. பலகை வைத்துத் தடுத்த கடைவீடுகளில் அறைக்கு ஒரு குடும்பம். கணக்கெடுக்க ஒரு பெண் வருகிறாள் என்று காலையில் சேதி வந்ததுமே, அருளானந்தத்தின் மனைவி அல்போன்சம்மாள் உத்தரவு போட்டுவிட்டாள். "வீடு தேடி வர்ற பொண்ணு முன்னால நம்ம மானம் போகக் கூடாது லா. என் டீவி எல்லா ரூமுக்கும் போகட்டும்." சாமியார் வீடு மந்திரிக்க வந்தாலும், யாராவது பெண் பார்க்க வந்தாலும், அந்தச் சந்தில் நாற்காலியும் வெள்ளித் தம்ளரும் இப்படித்தான் ஊர்வலம் போகும். யாரும் யாரையும் அதற்காகக் குத்திக்காட்டியதில்லை.

இரண்டு வயது மகள் சந்திரமதியை மடியில் வைத்துக்கொண்டு முத்தாயி நிமிர்ந்து பதில் சொன்னாள். டீவி? இருக்கிறது. தனிக் குழாய்? இருக்கிறது. தனிக் கழிப்பறை? அதற்கென்ன, இருக்கிறது. காலையில் குடத்தோடு வரிசையில் நின்ற இடுப்புவலி மட்டும் உள்ளுக்குள் முனகியது.

"இவ்வளவும் எதுக்குத் தங்கச்சி கேக்குறீங்க?"

"எங்க சங்கம் ஒரு இலவசப் பிள்ளைகள் காப்பகம் தொறக்கப் போகுதுக்கா. ஒரே ஒரு இடத்துலதான். மெயின் ரோட்டு நகைக்கடைக்காரங்களோட சேத்துக் கணக்குப் போட்டா, இந்த ஏரியாவே வசதின்னு வந்துரும், உங்க கஷ்டம் தெரியாது. அதான் சந்து சந்தா பிரிச்சு, எந்தச் சந்துல மத்த எடத்தவிட வசதி கொறச்சல்னு பாத்து மார்க் போடுறோம்." பிரிஜட் தயங்கினாள். "உங்களுக்குக் கெடைக்காது போலக்கா. இங்கதான் வீட்டுக்கு வீடு டீவி இருக்கே."

முத்தாயி மடியிலிருந்த மகளைப் பார்த்தாள். கணவன் ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். அவளோ சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போக வேண்டும். உண்மையைச் சொன்னால், அவள் மானத்துக்காக டீவி சுமந்தவர்கள் அத்தனை பேரின் மானமும் போகும்.

எழுந்த பிரிஜட்டின் கண் டீவியில் நின்றது. சுவரில் முருகன், அவருக்குக் கீழே டீவியின் நெற்றியில் ஒட்டிய வேளாங்கண்ணி மாதா.

"இந்த மாதாவ எல்லா வீட்லயும் பாத்துட்டேன்க்கா."

"ஒரே டீவிதான் தங்கச்சி," முத்தாயி உடைந்துபோனாள். "குழாயும் ஒண்ணு, கக்கூசும் ஒண்ணு. அவங்களத் தப்பா நெனைக்காதீங்க, எங்களுக்காகத்தான் தூக்கிட்டு ஓடுனாங்க. வேலைக்குப் போகும்போது இவளக் கட்டில் கால்ல சேலையால கட்டிப்போட்டுத்தான் போறேன்."

சிரித்துவிடுவாளோ என்று பயந்தாள். பிரிஜட் சிரிக்கவில்லை.

"மொத வீட்லேர்ந்து திரும்பக் கேக்குறேன். உள்ளதச் சொல்வாங்களா?"

"சொல்லுவோம் லா!" பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அல்போன்சம்மாள் கத்தினாள். "எங்களவிட இல்லாத சந்து எதுன்னு பாத்துருவோம்!"

"கூட்டியும் சொல்லாதீங்க ஆன்ட்டி. இதவிடக் கஷ்டமான சந்து இருந்தா அவங்களுக்குத்தான் போகும்."

"அது நியாயந்தான்," என்றாள் முத்தாயி. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

வேலைக்கு நேரமாகியிருந்தது. கொடியிலிருந்த பழைய சேலையை எடுத்தவளின் கை, பிரிஜட்டின் முன்னால் கூசி நின்றது.

"பிள்ளைய எங்கிட்டக் குடுங்கக்கா. நான் இந்தச் சந்துலதானே இருக்கப்போறேன்."

முத்தாயி மகளை அவளிடம் நீட்டினாள். இந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று முருகனிடமும் மாதாவிடமும் சேர்த்தே வேண்டிக்கொண்டு நடந்தாள். சந்துமுனையில் திரும்பிப் பார்த்தாள். பிரிஜட் முதல் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அவள் கையை உயர்த்துமுன், இடுப்பிலிருந்த சந்திரமதி எட்டி, இரண்டு உள்ளங்கையாலும் அந்தக் கதவைப் படபடவென்று தட்டினாள்.