சாய்வாகப் போட்ட துளை

மாடி அறைச் சுவரடியில் இருந்த துளைக்குள் இஞ்சினியர் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் ஈரத் துணியோடு அவள் நின்றாள். அந்தத் துளை தரையைக் குடைந்துகொண்டு போய்க் கீழே சமையலறையில் எட்டிப் பார்க்கும். அது அவளுக்குத் தெரியும்.

தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய பதினோரு வீடுகளில் இது ஏழாவது. வயசு நூற்றைம்பது சொச்சம். அரசாங்கம் வாங்கிப் பழைய கோலத்துக்கே கொண்டுவந்து ஜனங்கள் பார்க்கத் திறக்கப்போகிறது. கட்டியவர் ஒரு துணி வியாபாரி. அவர் படம், பேரன் படம் எல்லாம் கூடத்தில் மாட்டியாயிற்று. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் சேர்த்துப் பலகையில் ஒரே வரிதான்: பின்னர் பலர் வாடகைக்கு இருந்தனர். அந்தப் பலரில் அவளும் ஒருத்தி, இருபத்திரண்டு வருஷம். வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள் என்று அவளையே பெருக்கித் துடைக்க வைத்துக்கொண்டார்கள். கட்டின காலத்துது இருக்கணும், அப்புறம் வந்தது போகணும் என்பது இஞ்சினியர் சட்டம். ஒயர்மேனாக இருந்த அவள் புருஷன் பார்த்துப் பார்த்து இழுத்த ஒயரும், பூசிய சமையல் மேடையும் இரண்டு லாரியில் போனபோது, அவள்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. புருஷன் போனதிலிருந்தே மனசு மரத்துப்போன கால் மாதிரிதான் கிடந்தது.

"இதப் பாருங்கக்கா," என்றார் இஞ்சினியர். "அந்தக் காலத்துல வேலக்காரங்களக் கூப்பிட கயிறு கட்டி மணி அடிப்பாங்க. அதுக்குப் போட்டது. எப்படிச் சாய்வா எறக்கியிருக்கான் பாருங்க. கை தேர்ந்த ஆளு."

அந்தக் கை தேர்ந்த ஆள் அவள்தான். கரண்ட் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு செத்துப்போய் நாலு வருஷம் இந்த அறையில் கிடந்தார் அவள் புருஷன். அவர் படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல, கீழே இருக்கும் தன்னைக் கூப்பிட மணிக் கயிறு விடுவதற்காக உளியும் சுத்தியலுமாக அவள் குடைந்தாள். நேராப் போடுடி என்று அவர் கத்தக் கத்த, அது கோணிக்கொண்டே போனது. கரண்ட் பெல் வைத்தால் என்ன என்று கேட்டதற்கு, "முப்பது வருஷம் அதோட பழகினவன் சொல்றேன், கரண்ட நம்பாத. கயிறு கைவிடாது," என்றார்.

கயிறு கைவிடவில்லை. அந்தக் கடைசி நாள் பகலில் மணி இரண்டு தரம் அடித்தது. காலையிலிருந்து எத்தனையோ தரம் ஏறி இறங்கிச் சலித்திருந்தாள். "வரேன், வரேன். உசுரா போகுது இப்ப?" என்று கீழேயிருந்தே சொல்லிவிட்டு, மிச்சப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்தாள். மேலே போனபோது கயிறு அவர் விரலில் சுற்றியிருந்தது.

"ஒரே ஒரு சந்தேகம்க்கா. நீங்க குடி வந்தப்பவே இது இருந்துச்சா? அப்புறம் யாராவது போட்டதுன்னா அடைச்சுப் பூசிரணும்."

அவள் துணியைப் பிழிந்தாள். அதில் பிழியத் தண்ணீரே மிச்சமில்லை. உண்மையைச் சொன்னால் துளை போய்விடும். பொய் சொன்னால் துணி வியாபாரிக்குச் சொந்தமாகிவிடும். அடைத்துவிட்டால் அந்த மணிச் சத்தமும் ஒழியுமே என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. ஆசைப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

"நாங்க வரும்போதே இருந்துச்சு சார்."

திறப்பு நாளன்று கூட்டம் தாங்கவில்லை. துளையில் புதுக் கயிறு, கீழே புதுப் பித்தளை மணி. அவள் சமையலறையில் குந்திக்கொண்டு, யாரோ சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே இஞ்சினியர் துணி வியாபாரியின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். யாரோ கயிற்றை இழுத்தார்கள். அவள் தலைக்கு மேலே மணி அடித்தது.

"வரேன்," என்றாள்.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். பத்தொன்பது படியையும் ஒரே மூச்சில் ஏறினாள். அறை கொள்ளாமல் ஜனம். ஈரக் கையோடு மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்து, இதுவும் ஏற்பாடு செய்த காட்சிதான் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தார்கள், கை தட்டினார்கள், ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் கட்டில் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. கயிறு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.