ஊசிநூலும் தூங்குமூஞ்சியும் ஒரே ஆளா?

எல்லோரும் படங்களைச் சேர்த்துவைக்கும் ஓர் இணையக் களஞ்சியத்தில் தையல்காரிக்கு 'ஊசிநூல்' என்று பெயர். வருடக்கணக்காக அங்கே சம்பளமில்லாத வேலை. தப்பான பெயரோடு கிடக்கும் படத்தைக் கண்டால், மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டு, யாராவது மாற்றும்வரை காத்திருக்க வேண்டும். பெயர் மாற்றும் உரிமையைத் தனக்கே தரும்படி இப்போதுதான் துணிந்து விண்ணப்பித்திருந்தாள்.

பதில் வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன அண்ணி, முகமே செத்துப்போச்சு?" என்றாள் மருந்துக்கடையிலிருந்து வந்த நாத்தனார்.

"எனக்கு ஆதரவு எழுதின 'தூங்குமூஞ்சி'யும் நானும் ஒரே ஆளாம். ஒரே இன்டர்நெட் இணைப்பிலேருந்து வர்றோமாம்."

"தூங்குமூஞ்சி நான்தானே!"

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே. உரிமை போனாப் போகட்டும். கள்ளக் கணக்குன்னு என் கணக்கைப் பூட்டிட்டா, இத்தனை வருஷம் செஞ்சதும் திருட்டு வேலைன்னு ஆயிடும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு ஒரு போட்டோ அனுப்புவோம்."

"நாள் பூரா படத்துல பொய் கண்டுபிடிக்கிறவங்க. படத்தை நம்புவாங்களா?"

தையல்காரியே பதில் எழுதினாள்: 'தூங்குமூஞ்சி என் கணவரின் தங்கை. ஒரே வீடு. முதலிலேயே சொல்லாதது தப்பு. அவள் ஆதரவைக் கழித்துவிட்டு, என் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.'

"என் ஓட்டை நீங்களே அடிச்சிட்டீங்களா? நல்லாயிருக்கு நியாயம்!"

"ஆசையாத்தான் போட்டே. நம்ம வீட்டாளு நம்மளைப் புகழ்ந்தா யாரு எடுத்துப்பாங்க, சொல்லு?"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் களஞ்சியப் பொறுப்பாளர் எழுதியிருந்தார்: 'பழைய உரையாடல்களைப் படித்தேன். ஒரு பேருந்து நிலையப் படம் காலையில் எடுத்ததா, மாலையில் எடுத்ததா என்று நீங்கள் இருவரும் மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறீர்கள். தன்னோடு தானே இப்படி மல்லுக்கட்ட யாராலும் முடியாது. இருந்தாலும் அந்த ஆதரவைக் கழித்துவிட்டேன். உங்கள் வேலைக்காகவே உரிமை தருகிறேன்.'

"பாத்தீங்களா! நான் வாயாடினதுதான் உங்களைக் காப்பாத்திச்சு," என்றாள் நாத்தனார். "ஆனா அந்தப் படத்தோட பேர்ல மட்டும் கைவைக்காதீங்க. எடுத்தவ நான். சாயங்காலம்தான்."

"படத்துல காலைப் பேப்பர்க் கட்டே பிரிக்காம கிடக்கு, சாயங்காலமாம்! பயப்படாதே. தகராறுல நானும் ஒரு கட்சி. நான் தொடக்கூடாது. மூணாம் மனுஷர்தான் தீர்க்கணும்."

இருவரும் ஒருசேர உள்ளறைப் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு அதுல கணக்கே கிடையாது, ஆளை விடுங்க!" என்றது கணவரின் குரல்.

தையல்காரி வேறொரு படத்தைத் திறந்தாள். சட்டைக் கைக்குக் காலர் என்று யாரோ பெயர் வைத்திருந்தார்கள். இந்த முறை யாரையும் கேட்காமல், தானே மாற்றினாள்.